தடைக்கால மளிகை

படகுகள் கரையில் கட்டிக்கிடக்கிற இருபத்து மூன்றாம் நாள்.
ஏழு மணி பஸ்ஸில் மண்டபம் இறால் கம்பெனிக்குப்
போய்விட்டாள் ஜெசிந்தா.
வீட்டில் விட்டுப்போனது ஒரு சீட்டு, ஒரு வயர்கூடை,
ஐந்து வயது ரெக்ஸிலின்.

சும்மா வரட்டும் என்றுதான் சீட்டை அவள் கையில் கொடுத்தேன்.
முதல் வரியைப் பார்த்து "ப" என்றாள்.
அதற்குப் பிறகு தங்கச்சிமடம் தெரு முழுக்க
"ப"வைத் தவிர ஒன்றும் இல்லாமல் போயிற்று.
பனை. பஸ். பன்னீர் சோடா.
குழாயடியில் வரிசையாகப் பச்சைக் குடம்.
பாலம் என்றேன் நான், விட்டுக்கொடுக்காமல்.
"அது சேராது. பாலத்துக்குக் கால் இருக்கு."
கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிற பாலத்தின் அடியில்
எத்தனையோ முறை புகுந்து போனவன்,
எழுத்திலும் அதற்குக் கால் இருப்பதை
அன்றுதான் கவனித்தேன்.

செய்யது கனி கடை.
பருப்பு என்று மட்டும் எழுதியிருந்தாள்,
எந்தப் பருப்பு என்று இல்லை.
இரண்டு மூட்டை, இரண்டும் மஞ்சள்.
வலைக்குள் கையை விட்டே
நகரை எது, காரல் எது என்று சொல்வேன்.
இங்கே முழித்தேன்.
"இது வடைக்கு. இது சாம்பாருக்கு"
என்று முழங்கை வரைக்கும் விட்டு அலசிக் காட்டினாள்.
மல்லி கேட்டால் இலையையும் எடுத்தார், விதையையும் எடுத்தார்.
ஒரே பேருக்கு ரெண்டு சாமானா?
எனக்குத் தெரியவில்லை.
"எங்க கிளாஸ்ல ரெண்டு பிரிஞ்சித்தா இருக்காளுக"
என்று அவளே முடித்துக்கொண்டாள்.

தக்காளி அரைக்கிலோ.
தராசில் அவளே ஒவ்வொன்றாக வைத்தாள்.
சிவப்பு எண்கள் ஓடின, நின்றன: நானூற்று எழுபது.
ஒன்று வைத்தாள், ஐந்நூற்று நாற்பது.
எடுத்தாள். இன்னொன்று. எடுத்தாள்.
ஏலத்தில் கூடையைக் கண்ணாலேயே எடை போடுகிறவன்
ஒரு தக்காளிக்காக மூச்சைப் பிடித்து நின்றேன்.
"குட்டியா ஒண்ணு வேணும்" என்று
பெட்டிக்குள் தலைகீழாகக் கவிழ்ந்தாள்.
பின்னால் நின்ற அக்காவுக்கு பஸ் போய்விட்டது.
அப்பளக்கட்டு பெரிசு, சோப்பு சின்னது,
சோப்புதான் கனம்:
இதைக் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னாள்.

பிறகு கனி நோட்டை எடுத்தார்.
நீள நோட்டு, சணல் கட்டியது.
சீனி மூட்டைமேல் ஏறி எட்டிப் பார்த்தவள்
"சூ..." என்றாள்.
நான் கூடையைத் தூக்கினேன், வா போகலாம்.
"...சை.
சூசை! அப்பா, ஒன் பேரு!"

கடை முழுக்கத் திரும்பியது.
ரேஷன் கார்டில் இருக்கிறேன்,
கோயில் வரிப் புத்தகத்தில் இருக்கிறேன்.
அவள் முதன்முதலாக வாசித்த என் பெயர்
கடன் நோட்டில் இருந்தது.
கீழே முந்நூற்று நாற்பது, இருநூற்றுப் பதினைந்து, தொண்ணூறு.
"இவ்வளவு மார்க்கா?"
"ஆமா" என்றார் கனி, எழுதிக்கொண்டே.
"தடை முடிஞ்சு போட்டு போனதும்
ஒங்கப்பா வந்து எல்லாத்தையும் அடிச்சிருவாரு."
"தப்புன்னாத்தானே அடிப்பாங்க?
அப்பா சரியாத்தானே வாங்குனாரு?"
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
எனக்கும் பதில் வரவில்லை. இன்னும் யோசிக்கிறேன்.

சாயங்காலம் ஜெசிந்தா கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.
உப்பு எங்கே?
சீட்டின் மடிப்பில் போயிருக்கிறது கடைசி வரி.
இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு
உப்புக்கு மறுபடி நடந்தோம்.
இந்தத் தடவை ரொக்கம், ஜெசிந்தா கொடுத்த ஐம்பது ரூபாய்.
மீதியை ரெக்ஸிலின்தான் கை நீட்டி வாங்கினாள்.
வழியில் இரண்டு தரம் எண்ணினாள்,
இரண்டு தரமும் வேறு வேறு தொகை வந்தது.
மூன்றாவது தரம் தெருவிளக்கடியில் உட்கார்ந்து,
பத்து ரூபாய்த் தாள் காற்றில் போகாமல்
உப்புப் பாக்கெட்டை அதன்மேல் வைத்து,
முதலிலிருந்து.